இரும்பைப் படித்த கண்ணால் ரத்தத்தைப் படித்தோம்

இந்த விழாவுக்குத் தலைமை ஏற்று, அதற்கென்றே வாடகைக்கு எடுத்த உயரமான நாற்காலியில் அமர்ந்திருக்கும் நம் குடியிருப்போர் நலச் சங்கத் தலைவர், பெரியவர் பச்சையப்பன் அவர்களே! ஓடியும் ஆடியும், ஒலிபெருக்கியைத் தட்டியும் தடவியும், இந்த மேடையைத் தனியொருவராகத் தாங்கிக்கொண்டிருக்கும் செயலாளர், அருமை அண்ணன் ஆதிகேசவன் அவர்களே! நேரில் இன்னும் வந்து சேராவிட்டாலும், பதாகையில் நம் எல்லோரையும் விடப் பெரிதாக வந்துவிட்ட சிறப்பு விருந்தினர் அவர்களே! உருக்காலையில் உருகி, உருளையாலையில் உழன்று, இந்த நாட்டின் கட்டடங்களுக்கெல்லாம் கம்பி தந்துகொண்டிருக்கும் கும்மிடிப்பூண்டித் தோழர்களே! மடியில் பிள்ளையும் மனத்தில் கவலையுமாக முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! மேடையின் வலப்பக்கத்தில், சிவப்பு ரிப்பன் கட்டிய தையல் இயந்திரத்துக்கு அருகே, பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருக்கும் சகோதரி ஹெலன் அவர்களே! உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

வணக்கம் சொல்லும்போது தலை குனிவது வழக்கம். என்றைக்கும் மரியாதைக்காகக் குனிவேன். இன்று வெட்கத்துக்கும் சேர்த்துக் குனிந்திருக்கிறேன். அதனால்தான் நிமிரக் கொஞ்சம் தாமதம் ஆயிற்று.

எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு, 'மருத்துவமும் மனிதநேயமும்'. எவ்வளவு நேரம் பேசலாம் என்று செயலாளரைக் கேட்டேன். "சீஃப் கெஸ்ட் வர்ற வரைக்கும் பேசிக்கினே இருங்க சார்" என்றார். சிறப்பு விருந்தினர் இன்னும் பொன்னேரியைத் தாண்டவில்லை என்று தகவல். ஆகவே நேரம் இருக்கிறது. அந்த நேரத்தில் நான் என்ன பேசப்போகிறேன் என்று தெரிந்திருந்தால், அண்ணன் அவரைச் சீக்கிரம் வரச் சொல்லியிருப்பார்.

அவையோரே! உங்கள் தலைக்கு மேலே இருக்கும் பதாகையைப் பாருங்கள். 'நலிவுற்ற சகோதரிக்கு நலத்திட்ட உதவி' என்று எழுதியிருக்கிறது. அதில் ஹெலனின் படம். இதே படத்தை நீங்கள் முன்பும் பார்த்திருக்கிறீர்கள். சென்ற ஆண்டு, இதே சங்கம், இதே முச்சந்தியில், 'எங்கள் பகுதியின் இரும்பு மகள்' என்று ஒரு பதாகை வைத்தது. அப்போதும் இதே படம்தான். அன்று அந்தச் சிரிப்பைப் பார்த்து என்ன பெருமிதம் என்றோம். இன்று அதே சிரிப்பைப் பார்த்து, எவ்வளவு வேதனையைத் தாங்கிக்கொண்டு சிரிக்கிறது பாவம் என்கிறோம். படம் மாறவில்லை. படிக்கிறவர்கள் மாறிவிட்டோம். இன்று என் பேச்சு முழுவதும் இதைப் பற்றித்தான்.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். நானும் வெளியூர்தான்; ஆண்டுதோறும் இந்த மேடைக்கு வந்து வந்து உங்களில் ஒருவனாகிவிட்டேன். ஹெலன் கிரேன் ஓட்டுநர். கம்பி ஆலையின் கூரைக்குக் கீழே, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குத் தண்டவாளத்தில் ஓடும் கிரேன். அதன் தொங்கு அறையில் உட்கார்ந்து, சிவக்கச் சிவக்கக் காய்ந்த இரும்புப் பாளத்தை, கீழே நிற்பவர்கள் தலையில் ஒரு பொறி விழாமல் தூக்கி வைக்கிறவர். அந்த ஆலையில் அந்த ஏணியில் ஏறிய முதல் பெண் அவர்தான். அவருடைய தாய் ரோசம்மாள் நாற்று நட்டவர். குனிந்தே வேலை செய்தவர். மகள் மேலே ஏறிய அன்று ஆலை வாசலில் வந்து நின்று, "எம் பொண்ணு எங்க கீது, கண்ணுக்கே தெர்லயே" என்று அண்ணாந்து பார்த்த காட்சியை இங்கே பலர் கண்டிருக்கிறீர்கள்.

அப்படிப்பட்ட ஹெலனுக்குத் தலைவலி வந்தது. தலையிருக்கும் யாருக்கும் வரக்கூடியதுதான். மருத்துவர் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். எடுத்தார். எடுக்கும் முன் அங்கே ஒரு கேள்வி கேட்பார்கள்: உடம்பில் எங்கேயாவது இரும்புத் துகள் இருக்கிறதா? கும்மிடிப்பூண்டியில் பிறந்து வளர்ந்து, இந்தக் காற்றையே சுவாசிக்கும் யாரால் இந்தக் கேள்விக்கு உடனே 'இல்லை' என்று சொல்ல முடியும்? ஹெலனும் யோசித்துத்தான் சொன்னாராம்.

படம் வந்தது. பெரிய உறையில் அதை வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார். இறங்கியவர் எங்கே போனார்? வீட்டுக்கா? இல்லை. மருத்துவரிடமா? இல்லை. நம் ஊர் வழக்கப்படி, நேராகச் சங்க அலுவலகத்துக்குப் போனார். அண்ணன் ஆதிகேசவனிடம் காட்ட.

சிரிக்காதீர்கள். இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. அண்ணன் யார்? வெல்டிங் பற்றுகளை எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்து, இது தேறும், இது தேறாது என்று தீர்ப்புச் சொல்லும் மேற்பார்வையாளர். அவர் 'ரிஜெக்ட்' என்று சொன்ன குழாய் இந்தத் தொழிற்பேட்டையின் எந்தக் கதவையும் தாண்டியதில்லை. ஆகவே இந்தப் பகுதியில் யாருக்குக் கை ஒடிந்தாலும், கால் ஒடிந்தாலும், படத்தை முதலில் அண்ணன்தான் சூரியனுக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். எத்தனையோ முறை சரியாகவும் சொல்லியிருக்கிறார். காரணம் இருக்கிறது. எலும்பும் இரும்பைப் போன்றதுதான். வைத்த இடத்தில் இருக்கும். நேற்றுப் பார்த்தாலும் அதே, நாளை பார்த்தாலும் அதே.

அன்றும் தூக்கிப் பிடித்தார். சுற்றிலும் கூட்டம். தலைக்குப் பின்புறத்தில் இரண்டு ரத்தப் பாதைகள், வலப்புறம் ஒன்று, இடப்புறம் ஒன்று. வலப்பக்கம் கன்னங்கரேல் என்று இருந்தது. இடப்பக்கம் வெள்ளை வெளேர் என்று இருந்தது. வெல்டிங் படத்தில் பளிச்சென்று ஒரு வெள்ளைப் பொட்டு தெரிந்தால் என்ன பொருள்? பற்றுக்குள் அந்நிய உலோகத் துண்டு சிக்கிக்கொண்டது என்று பொருள். அண்ணன் படத்தை இறக்கினார். அவர் கண் கலங்கிவிட்டது. அந்தக் கலக்கத்தில் ஒரு துளி பொய் இல்லை. மெதுவாகச் சொன்னார்:

"உள்ள இன்னாவோ மாட்டிக்கினு கீதும்மா."

அவ்வளவுதான். அந்த ஒரு வாக்கியம் ஊரைச் சுற்றி வந்தது. சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஹெலனின் மூளை வந்தது. கீழே கைகூப்பும் பொம்மைகள் வரிசையாக வந்தன. அம்மன் கோயிலில் வேண்டுதல். தேவாலயத்தில் ஜெபம். தவறு செய்வதில் நம்மிடம் மதப் பிரிவினையே கிடையாது என்பதை இந்த நேரத்தில் பெருமையோடு குறிப்பிட விரும்புகிறேன். தெருக்குழாயில் அவர் குடத்தைத் தூக்கவிடவில்லை. மாடிப்படி ஏறவிடவில்லை. சத்தமாகச் சிரித்தால், "தலைய அலட்டிக்காத" என்றார்கள். நன்றாக இருந்த ஒரு பெண்ணை நோயாளியாக்க எத்தனை நல்லவர்கள் தேவை? நம் தெருவில் இருக்கும் அத்தனை பேரும் தேவைப்பட்டார்கள். அத்தனை பேரும் வந்தோம்.

பின் வரிசையில் ஐயா என்னவோ கேட்கிறார். என்னங்க? சத்தமாகச் சொல்லுங்கள். "டாக்டரு இன்னா எழுதிகீறாருன்னு யாரும் பாக்கலயா?" என்கிறார். பார்த்தார்கள் ஐயா. டாக்டர் எழுதியது மூன்று விஷயம். இடப்பக்கத்தில் ரத்தம் மெதுவாக ஓடுவதாலும் இப்படித் தெரியலாம், உறைந்திருக்கவும் கூடும், ஆகவே ஓட்டத்தை மட்டும் காட்டும் படம் ஒன்று எடுத்துப் பார்க்கவும். நம்மவர்கள் நடுவில் இருந்ததை மட்டும் படித்தார்கள். பயப்படுவதற்கு அது போதுமானதாக இருந்தது.

அதற்கு அடுத்த வாரம் வேன் கிளம்பியது. சங்கத்தின் வேன். மாலையும் பழத்தட்டுமாகப் பொறுப்பாளர்கள் ஆலை மேலாளரைப் பார்க்கப் போனார்கள். மூளையில் அடைப்போடு ஒரு பெண் அவ்வளவு உயரத்தில் உட்காரலாமா, விழுந்தால் யார் பொறுப்பு, உங்களுக்கு மனிதநேயம் இல்லையா என்று கேட்டார்கள். மேலாளர் மறுக்கவில்லை. செலவில்லாத மனிதநேயத்தை எந்த நிர்வாகம் மறுக்கும்? மறுநாளே ஹெலனைக் கிரேனிலிருந்து இறக்கிவிட்டார்கள். ஹெல்மெட் துடைத்து அடுக்கும் வேலை கொடுத்தார்கள். பிறகு அதுவும் வேண்டாம், வீட்டில் ஓய்வெடுங்கள் என்றார்கள். அந்தத் தொங்கு அறையில் இப்போது வேறொருவர் உட்கார்ந்திருக்கிறார். வரும் திங்கட்கிழமை அவரை அங்கே நிரந்தரம் ஆக்கப்போகிறார்கள்.

இனி நான் சொல்லப்போவதைக் கவனமாகக் கேளுங்கள். இன்று மாலை நான் இங்கே வந்து இறங்கியபோது, மேடைக்குப் பின்னால், ஜெனரேட்டர் பக்கத்தில், ஹெலன் நின்றுகொண்டிருந்தார். கையில் இரண்டு உறைகள். "சார், நீங்கதான் பேசுறவரு. இத்த பாத்துட்டு பேசுங்க" என்றார். நான் படத்தை வாங்கினேன். வெட்கத்தோடு சொல்கிறேன், என் கையும் தானாக அதை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தது. எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் தூக்கிப் பிடித்தேன். ஹெலன் என் கையிலிருந்து அதை மெதுவாக வாங்கிக்கொண்டு, ஸ்கேன் மையத்து டாக்டர் ரம்யாவுக்குப் போன் போட்டு என்னிடம் கொடுத்தார்.

டாக்டர் முதலில் கேட்டது, "சார், நீங்க எந்த ஊர்?" என்று. கடம்பத்தூர் என்றேன். "அப்போ சுலபம். ஸ்டேஷன்ல நின்னிருப்பீங்க இல்ல?" என்றார். அவர் விளக்கியதை என் மொழியில் தருகிறேன்.

எம்.ஆர்.ஐ. இயந்திரம் வெளிச்சத்தைப் பாய்ச்சிப் படம் பிடிப்பதில்லை. உடம்பில் ஒரு துண்டு இடத்தைத் தேர்ந்தெடுத்து, அங்கே இருப்பவற்றை ஒரு முறை தட்டி எழுப்புகிறது. சற்றே பொறுத்து, அதே இடத்தில் இன்னொரு முறை தட்டுகிறது. இரண்டு தட்டையும் வாங்கியவை குரல் கொடுக்கும். குரல் வந்த இடம் வெளுப்பு. குரல் வராத இடம் கறுப்பு.

இப்போது கடம்பத்தூர் ரயில் நிலையத்துக்கு வாருங்கள். நடைமேடையில் நின்று, ஓடும் ரயிலின் மேல் சாயத்தை வீசுகிறீர்கள். கொஞ்ச நேரம் கழித்து அதே இடத்தைப் படம் பிடிக்கிறீர்கள். வந்தது எக்ஸ்பிரஸ் என்றால்? சாயம் பட்ட பெட்டி அரக்கோணம் பக்கம் போய்விட்டிருக்கும். உங்கள் படத்தில் சாயமே இருக்காது. வேகமாக ஓடும் ரத்தமும் அப்படித்தான்: முதல் தட்டு வாங்கியது இரண்டாம் தட்டுக்குள் அந்த இடத்தை விட்டுப் போய்விடும். குரல் கொடுக்க ஆளில்லை. படத்தில் கறுப்பு. அந்தக் கறுப்புதான் ஆரோக்கியம்!

அதே தண்டவாளத்தில் சரக்கு ரயில் வந்தால்? சிக்னலுக்காக ஊர்ந்து ஊர்ந்து வருமே, நம் வாழ்நாளில் பாதியை கேட் போட்டுத் தின்றதே, அந்தச் சரக்கு ரயில் வந்தால்? சாயம் பட்ட பெட்டி அங்கேயேதான் இருக்கும். படத்தில் பளிச்சென்று விழும். வெள்ளை! அதற்காகச் சரக்கு ரயில் செத்துவிட்டது என்று மாலை போடுவோமா? தண்டவாளம் அடைத்துவிட்டது என்று நிலையத்தை மூடுவோமா? ஊர்ந்தாலும் அது போய்க்கொண்டிருக்கிறது ஐயா! சத்தமில்லாமல், சலிப்பில்லாமல், அது போய்க்கொண்டேதான் இருக்கிறது!

உண்மையிலேயே உறைந்து நின்ற ரத்தமும் சில சமயம் இதே வெள்ளையாகத் தெரியும். ஆகவே சந்தேகம் வந்தது தவறில்லை. அதற்குத்தான் இரண்டாவது படம். அதில் ஓரிடத்தில் நிற்பவற்றைத் திரும்பத் திரும்பத் தட்டி, குரல் எழும்பாதபடி களைக்க வைத்துவிடுகிறார்கள். அப்போது புதிதாக உள்ளே வரும் ரத்தத்தின் குரல் மட்டும் கேட்கும். ஹெலனுக்கு அந்தப் படமும் எடுத்தார்கள். வலப்பக்கம் பெரிய பாதை. இடப்பக்கம் பிறவியிலேயே சற்று மெல்லிய பாதை. இரண்டிலும் ரத்தம் ஓடுகிறது. எங்கும் எதுவும் மாட்டிக்கொண்டு இல்லை. இடப்புறம் சிறுத்தும் வலப்புறம் பெருத்தும் இருப்பது பலருக்கும் இயல்பு என்றார் டாக்டர். தலைவலி எதனால் வந்தது என்று கேட்டேன். கண் பவர் மாறியிருந்ததாம். மூக்குக் கண்ணாடி போட்டதும் நின்றுவிட்டது. அதோ போட்டிருக்கிறார் பாருங்கள். பதாகையில் இருக்கும் படத்தில் மட்டும்தான் இன்னும் கண்ணாடி இல்லை.

கை தட்ட வேண்டாம். தயவுசெய்து தட்ட வேண்டாம். இது கை தட்டும் இடம் இல்லை. ஏனென்றால் அந்த இரண்டாவது படம் இன்றைக்கு வந்ததில்லை. அழைப்பிதழ் அச்சாகி முடிந்த அன்றைக்கே வந்துவிட்டது.

ஹெலன் அதை எடுத்துக்கொண்டு சங்க அலுவலகத்துக்கு ஓடினார். அண்ணே, எனக்கு ஒன்றும் இல்லையாம், ஆலையில் வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கெஞ்சினார். அங்கே என்ன இருந்தது? தையல் இயந்திரம் வந்து இறங்கியிருந்தது. சிறப்பு விருந்தினர் தேதி கொடுத்திருந்தார். பந்தல்காரர் முன்பணம் வாங்கியிருந்தார். முதல் படத்தைச் சூரியனுக்கு நேரே பிடித்துப் பார்த்த கை, இரண்டாவது படத்தை உறையிலிருந்து எடுக்கவே இல்லை.

"ஃபங்ஷன் முடியட்டும்மா. அப்பறமா பாத்துக்கலாம்."

அவையோரே, அண்ணனை நோக்கி யாரும் கை நீட்ட வேண்டாம். அந்த அறையில் அவர் மட்டுமா இருந்தார்? தலைவர் இருந்தார். பொருளாளர் இருந்தார். இப்போது முன்வரிசையில் சட்டென்று செல்போனைப் பார்க்கத் தொடங்கியிருக்கும் நால்வர் இருந்தார்கள். ஒருவர் கூட உறையைப் பிரிக்கவில்லை. ஏன்? பிரித்தால் விழா நின்றுவிடும். ஒரு பெண்ணின் பிழைப்பு நின்றால் பரவாயில்லை, விழா நிற்கக் கூடாது! அவர் நலமாக இருப்பது நம் நலத்திட்டத்துக்கு இடைஞ்சல்! உதவி செய்ய ஒரு நோயாளி வேண்டும் என்பதற்காக, எழுந்து நின்ற மனுஷியை மறுபடி படுக்கச் சொல்லியிருக்கிறோம். இந்தப் பொன்னாடையை என் தோளில் போட்டீர்கள். சரிகை குத்துகிறதா, வேறு ஏதாவது குத்துகிறதா என்று எனக்கே தெரியவில்லை.

ஒரு துண்டுச் சீட்டு வந்திருக்கிறது. 'சீஃப் கெஸ்ட் வந்துவிட்டார். உடனே முடிக்கவும்.' வரட்டும். வந்து உட்காரட்டும். அவருக்கும் இதில் ஒரு பதாகை அளவு பங்கு இருக்கிறது. வாருங்கள் ஐயா, வணக்கம். நீங்கள் கொடுப்பதற்காக வந்திருக்கும் பொருளைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.

யாரம்மா அது? "அப்போ அந்த தையல் மிஷின இன்னா சார் பண்றது?" நல்ல கேள்வி. நல்ல இயந்திரம், தைக்கத் தெரிந்த ஒருவருக்குக் கொடுங்கள். ஹெலனுக்கு ஊசியில் நூல் கோக்கவே வராதாம். ரோசம்மாள் அம்மா என்னிடம் வருத்தப்பட்டுச் சொன்னார்.

தோழர்களே! இரும்பைப் படிப்பது பெரிய கலை. அதில் இந்த ஊரை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் இரும்பு நம்மைக் கெடுத்தும் வைத்திருக்கிறது. ஒரு முறை பார்த்தால் போதும் என்று அது நமக்குப் பழக்கிவிட்டது. ரிஜெக்ட் என்று சுண்ணாம்புக்கட்டியால் எழுதி ஓரமாகத் தள்ளினால், அந்தக் குழாய் ஓரமாகவே கிடக்கும். மனிதர் அப்படிக் கிடப்பாரா? ரத்தம் அப்படிக் கிடக்குமா? நாம் படத்தை வெயிலில் பிடித்தபோதும் அது ஓடிக்கொண்டிருந்தது. வாட்ஸ்அப்பில் கைகூப்பியபோதும் ஓடிக்கொண்டிருந்தது. வேனில் ஏறிப் போய் அவரைக் கீழே இறக்கியபோதும் ஓடிக்கொண்டிருந்தது. இந்தப் பதாகைக்குக் கீழே, இந்த நாற்காலியின் நுனியில், இந்த நிமிஷமும் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த ஒரு தலைக்குள் எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. நின்றுபோனது எங்கே என்று தேடினால், படம் எடுக்க வேண்டியது நம்மை!

ஜெனரேட்டர் பக்கத்தில் ஹெலனிடம் கடைசியாகக் கேட்டேன்: அம்மா, இந்த மேடையில் நான் உங்களுக்காக என்ன கேட்க வேண்டும்? இழப்பீடு கேட்கட்டுமா? மன்னிப்புக் கேட்கச் சொல்லட்டுமா? அவர் இரண்டையும் வேண்டாம் என்று தலையசைத்தார். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன், அண்ணன் ஆதிகேசவன் அவர்களே, இது உங்களுக்கு:

"அண்ணன் வேன் வச்சிக்கினு வந்து என்ன எறக்குனாரு. அதே வேன்ல வந்து ஏத்திவுடட்டும். நான் சொன்னா மேனேஜர் நம்ப மாட்டாரு சார். அண்ணன் சொன்னா நம்புவாரு. அவரு ஒரு தபா பாஸ்னு சொன்னா, இந்த ஊர்ல அதுக்கு மேல ஒண்ணும் இல்ல."

இவ்வளவுக்குப் பிறகும் அவர் உங்கள் தீர்ப்பைத்தான் நம்புகிறார் அண்ணே. இதைவிடப் பெரிய தண்டனையை என்னால் உங்களுக்கு வாங்கித் தர முடியாது.

அவையோர் அமைதியாக இருக்க வேண்டுகிறேன். செயலாளர் எழுந்திருக்கிறார். மைக் தருகிறேன் அண்ணே. வேண்டாமாம். ஹெலனின் பக்கம் போகிறார். உறையைக் கேட்கிறார். இரண்டாவது உறையை. படத்தை வெளியே எடுத்துவிட்டார்... இல்லை, விளக்குக்கு நேரே தூக்கவில்லை. அதைத் தலைவர் பச்சையப்பனிடம் கொடுக்கிறார். உறையில் கூடவே இருந்த, டாக்டர் எழுதிய தாளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு முதல் வரியிலிருந்து படிக்கிறார். பொறுங்கள். படிக்கட்டும். அவருக்கு இது புது வேலை.

முடித்துவிட்டார். கூட்டத்தைப் பார்த்து ஏதோ கேட்கிறார். பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்டிருக்காது, நான் சொல்கிறேன். "வேன் டிரைவர் எங்க கீறாரு? திங்கக்கெழம காலைல வண்டி வேணும்" என்கிறார். அதோ, டிரைவர் கை தூக்கிவிட்டார். சகோதரி ஹெலன் நாற்காலியின் நுனியிலிருந்து பின்னால் நகர்ந்து, இப்போதுதான் சாய்ந்து உட்காருகிறார்.

அந்த வேனில் எனக்கும் ஓர் இடம் வையுங்கள். இந்தப் பொன்னாடையை மடித்து இங்கே வைக்கிறேன். திங்கட்கிழமை ஹெலன் ஏணியில் ஏறிய பிறகு, இதற்கு நான் தகுதியா என்று பார்த்துக்கொள்ளலாம்.

இவ்வளவு நேரம் கேட்ட காதுகளுக்கு நன்றி. கேட்டுக் கூசிய முகங்களுக்கு என் வணக்கம்.